முனியால் ஊத முடியாத விளக்கு

என் வீட்டுக்காரர் வெளியே கிளம்பும்போது துண்டை மறப்பார், சுருக்குப் பையை மறப்பார், எதற்காகக் கிளம்பினோம் என்பதையே பாதி வழியில் மறந்துவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் கேட்பார். இடுப்பில் இருக்கும் லைட்டை மட்டும் அவர் மறந்து நான் பார்த்ததில்லை. பட்டப்பகலில் உழவுக்குப் போனாலும் அது இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இருக்கும். சம்மணம் போடும்போது வயிற்றில் குத்தும். கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்வாரே தவிர கழற்ற மாட்டார்.

அது சீமைச் சரக்கு. மதுரை ரயிலடிப் பக்கம் கடிகாரமும் சவரக் கத்தியும் விற்கிற ஒரு கடையில் வாங்கி வந்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பித்தளைக் குழாய், அதன் மேல் வெள்ளி போல முலாம். உள்ளே இரண்டு பேட்டரிக் கட்டை போட வேண்டும். தலைப் பக்கத்தைத் திருகினால் வெளிச்சம் விரியும், குறுகும். அதற்கு முன்பும் எங்கள் ஊரில் இரண்டொருவர் பேட்டரி லைட்டு வைத்திருந்தார்கள். அவையெல்லாம் தகரம். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துருப்பிடித்து, தட்டினால் எரியும், தட்டாவிட்டால் எரியாது. இவருடையது அந்த ரகம் இல்லை. அதை அவர் சொல்லாத ஆளும் ஊரில் இல்லை.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த லைட்டைக் களத்தில் மாடு மிதித்திருக்கிறது. வரப்பு வெட்டும்போது அவிழ்ந்து விழுந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்து, மறுநாள் மண்வெட்டியில் அடிபட்டு வெளியே வந்திருக்கிறது. ஒருமுறை வண்டிச் சக்கரம் ஏறி ஒரு பக்கம் நசுங்கிப்போனது. கட்டை உள்ளே இறங்கவில்லை. அன்று சாப்பிடாமல் கொள்ளாமல் செல்லூருக்குப் போய், தறிச் சாமான் பழுது பார்க்கிற பட்டறையில் உட்கார்ந்து, உள்ளே ஒரு கம்பியை விட்டு நசுங்கலைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சைக்கிள் கடையில் பழைய டியூபை வாங்கி, வளையமாக வெட்டி, கண்ணாடிக்குக் கீழே ஒன்றும் அடி மூடிக்கு ஒன்றும் போட்டார். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் என் தண்ணீர் வாளிக்குள் லைட்டைப் போட்டு, தண்ணீருக்குள் எரிவதைக் காட்டுவார். வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அந்தத் தண்ணீரை நான்தான் கீழே ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் எடுத்து வர வேண்டும்.

எனக்கு அந்த லைட்டைக் கண்டால் ஆகாது. முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்த இடங்களை விபூதி போட்டுத் துடைப்பார். தோலில் உறை தைத்து இடுப்பு வாரில் கோத்திருந்தார். படுக்கப் போகும்போது, தானாக எரிந்து தீர்ந்துவிடக் கூடாது என்று ஒரு கட்டையை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். வலுக் குறைந்த கட்டைகளை முற்றத்தில் வெயில் காட்டுவார்; அவற்றின் மேல் என் நிழல் விழுந்தால் நகரச் சொல்வார். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாத மனுஷன் அவர். நான் சக்களத்தி என்று அந்த லைட்டைத்தான் சொல்வேன். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இந்த விஷயத்தில் எனக்குத் துணை என் தம்பி. எங்கள் அப்பா அம்மா இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனையூர்ப் பக்கம் இருந்த நிலத்தை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். இருபத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். அவன் வாய் சும்மா இருக்காது. வந்ததும் வராததுமாக, மச்சான் லைட்டுக்கு இன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியாயிற்றா என்று கேட்பான். சின்ன வயதில் கண்மாயில் முங்கி, தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டு, கரையில் நாங்கள் எல்லோரும் அழ ஆரம்பித்த பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து வருவான். அப்படிப்பட்ட பிள்ளை. அவனை நினைத்துக் கவலைப்படுவதும் எனக்குப் பழக்கம், ஏமாறுவதும் பழக்கம்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடையில் இது நடந்தது. சமணமலைக்கு மேற்கே, கீழக்குயில்குடிக்குப் போகிற பாதையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. வாழை போட்டிருந்தோம். அந்த வருஷம் வெயில் முன்னதாகவே ஏறிவிட்டது. நாங்கள் கமலை கட்டி இறைத்துக்கொண்டிருந்த கிணறு மாடு ஒரு நடை போய் வருவதற்குள் தரை தட்டியது. குலை தள்ளுகிற சமயத்தில் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன.

தோட்டத்தின் மேற்கு மூலையில் ஒரு பழைய கிணறு உண்டு. என் மாமனார் காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். ஆழம் அதிகம், வாய் குறுகல். உள்சுவரில் ஆலங்கன்று முளைத்து, கிளை விட்டு, பகலிலும் அடி தெரியாமல் இருட்டடித்துக் கிடக்கும். அதில் தூர் வாரினால் ஊற்றுக் கண் திறக்கும் என்பது இவருடைய கணக்கு. கிணறு வெட்டுகிற ஆட்கள் வேறு ஊரில் வேலையாக இருந்தார்கள். அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் வரைக்கும் வாழை நிற்காது என்று இவர் என் தம்பிக்குச் சொல்லி விட்டார். அவன் மறுநாள் காலையில் சைக்கிளில் வந்து நின்றான்.

கிணற்றடிக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். இவர், என் தம்பி, எங்களிடம் ஏர் ஓட்டுகிறவர், கஞ்சிப் பானையும் தண்ணீர்க் குடமும் தூக்கிக்கொண்டு நான். கிணற்றின் இரு பக்கமும் நின்ற பழைய கல்தூண்களில் உத்திரம் போட்டு, உருளை மாட்டி, கமலை வடத்தைக் கோத்து எங்கள் ஜோடி மாட்டைப் பூட்டினார்கள். மாடு முன்னால் நடந்தால் வடம் மேலே வரும். பின்னால் தள்ளினால் கீழே இறங்கும்.

பழைய கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புழங்காத கிணற்றில் முனி குடியிருக்கும் என்பார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்க வேண்டும். விளக்கு எரிந்தபடி மேலே வந்தால் முனி உத்தரவு கொடுத்துவிட்டது, இறங்கலாம். அணைந்து வந்தால் உத்தரவு இல்லை. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் வர வேண்டும். நானும் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இது சாமி காரியம் என்பதற்கு மேல் நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

தேங்காய் இருந்தது, சூடம் இருந்தது. விளக்குக் கொண்டு வரலியே ஐயா என்றார் ஏர்க்காரர். அவர் சாமிக்குப் பயந்தவர். வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொல்லி என்னைப் பார்த்தார். நானும் கிளம்பினேன். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இடுப்பு உறையிலிருந்து லைட்டை எடுத்தார்.

"இதுவும் வெளக்குதான? அரிக்கேனையாச்சும் முனி ஊதி அணைச்சுரும். இத ஊதச் சொல்லு பாப்போம்."

என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஏர்க்காரருக்கும் அது சரியாகவே பட்டது; சீமை விளக்கு என்றால் முனிக்கும் மரியாதைதானே. லைட்டின் அடியில் இருந்த வளையத்தில் ஒரு கயிற்றைக் கட்டி எரியவிட்டு இறக்கினார்கள். ஆலங்கிளையைத் தாண்டி அது கீழே போகப் போக, வருஷக்கணக்காக வெளிச்சம் படாத சுவர்கள் தெரிந்தன. அடியில் கறுப்புச் சேறு, உடைந்த பானை ஓடு, பாம்புச் சட்டை ஒன்று. தண்ணீர் இல்லை. லைட்டு சேற்றைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்து மேலே இழுத்தார்கள். எரிந்தபடி வந்தது. இவர் அதைத் துண்டால் துடைத்து, எல்லோருக்கும் காட்டிவிட்டு, உத்தரவு கிடைத்துவிட்டது என்றார்.

வடத்தில் பலகை கட்டி, கூடையும் மண்வெட்டியுமாக என் தம்பி இறங்கினான். இடுப்பில் லைட்டைச் செருகியிருந்தான். போகும்போது, "அக்கா, முனிக்குப் பொண்ணு இருந்தாக் கேட்டுட்டு வாரேன்" என்றான். வாயை மூடிக்கொண்டு இறங்குடா என்றேன்.

கீழே போனதும் அவன் குரல் பானைக்குள் பேசுவது போல வந்தது. சேறு இடுப்புவரை வரும் என்று நினைத்தோம், முழங்காலுக்குத்தான் இருக்கிறது என்றான். லைட்டை உள்சுவரில் கல் பெயர்ந்த ஒரு பொந்தில் செருகி வைத்தான். மேலிருந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அவன் அசைகிற நிழல் மட்டும் அதில் வந்து போனது, ஆள் தெரியவில்லை. தூர் வாருகிறவர்கள் செய்வது போல வடத்தைப் பலகையிலிருந்து அவிழ்த்துக் கூடையில் கட்டினான். கூடை நிறைந்ததும் வடத்தை ஆட்டுவான். மாட்டை ஓட்டினால் கூடை மேலே வரும். முதல் கூடை வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கொட்டிவிட்டுத் திரும்ப இறக்கினோம். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று கீழேயிருந்து சொன்னான். கோடைக்காலம், கிணற்றுக்குள் புழுங்காமல் என்ன செய்யும் என்றார் இவர்.

அதன்பிறகு வடம் ஆடவில்லை.

நான்தான் முதலில் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். என் குரல்தான் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக நிமிர்ந்தார்.

"எதுக்கு இம்புட்டுக் கத்துற? லைட்டு நல்லாத்தான எரியுது. ஓன் தம்பிக்கு வெளயாட்டு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளிச்ச வட்டம் எதிர்ச் சுவரில் ஆடாமல் அசையாமல் இருந்தது. அதில் நிழல் மட்டும் இல்லை. கண்மாய்க்குள் ஒளிந்துகொள்கிறவன்தானே என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவனை வளர்த்தவள் நான். விளையாட்டு என்றால் எங்கேயாவது ஒரு சிரிப்பு பிய்த்துக்கொண்டு வரும். அவனால் இவ்வளவு நேரம் அடக்க முடியாது. மாட்டை ஓட்டுங்கள் என்று ஏர்க்காரரைப் பார்த்துக் கத்தினேன். கூடை வந்தது. பாதிதான் நிறைந்திருந்தது. அதன் விளிம்பில் அவன் கை பிடித்த சேற்றுத் தடம் நீளமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

இவர் முகம் மாறிவிட்டது. அவன் எந்தப் பக்கம் கிடக்கிறான் என்று பார்க்க வேண்டும். லைட்டோ சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. ஏர்க்காரர் பக்கத்தில் கிடந்த காய்ந்த பனையோலையைச் சுருட்டி, தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்து உள்ளே போட்டார். ஓலை திகுதிகுவென்று எரிந்துகொண்டு விழுந்தது. ஆலங்கிளையைத் தாண்டியது. அதற்குக் கீழே கொஞ்ச தூரம் போனதும், யாரோ ஈரத் துணியைப் போட்டு மூடியது போலத் தீ அணைந்துவிட்டது. புகை மட்டும் மேலே வராமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. அந்தப் புகைக்கும் கீழே, அடியில், லைட்டு எரிந்துகொண்டே இருந்தது.

நான் அதைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் பிறந்த வீட்டில் சோளம் கொட்டி மூடி வைக்கிற குழி ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த குழியைத் திறந்தால் உடனே யாரும் இறங்க மாட்டார்கள். உள்ளே விளக்கை இறக்குவார்கள். அணைந்தால், குழிக்குள் கெட்ட காற்று இருக்கிறது என்று வேப்பங்குழையை விட்டு விசிறி, காத்திருந்து, மறுபடி விளக்கைப் பார்ப்பார்கள். அங்கே முனி என்று யாரும் சொன்னதில்லை. குழியும் கிணறும் ஒன்றுதான் என்பது அந்த ஓலை அணைந்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. விளக்கை இறக்கியது முனியைக் கேட்பதற்கு இல்லை.

இதற்குள் இவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு வடத்தை இடுப்பில் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடு என்னைய. ஓன் தம்பிடீ உள்ள கெடக்கான்."

"எனக்குத் தெரியாதா? தீயே நிக்காத எடத்துல நீங்க எப்பிடி மூச்சு விடுவீங்க? தீ அடியில போயி எரியட்டும், அப்பறம் எறங்குங்க."

அவர் என்னை உதறினார். நான் விடவில்லை. என் கையில் கடித்தாரோ கிள்ளினாரோ, அது பிறகுதான் வலித்தது. கீழே என் தம்பி ஒவ்வொரு மூச்சாகச் செத்துக்கொண்டிருக்கிறான், மேலே அவனைத் தூக்கப் போகிற ஒரே ஆளை நான் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று அப்போது எனக்கு நிச்சயம் கிடையாது. இரண்டு பேரையும் கொடுத்துவிட்டு இந்தக் கிணற்றடியில் நான் தனியாக நிற்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது.

ஏர்க்காரர் பக்கத்து வேம்பில் ஏறிக் கிளைகளை ஒடித்துப் போட்டார். பெரிய கட்டாகக் கட்டி, பழைய கயிற்றில் தொங்கவிட்டு, இவரும் அவருமாக உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்தார்கள். குழை சுவரில் உரசி இலை கொட்டியது. நான் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் ஓரமாக வீசி ஊற்றினேன். பிறகு கஞ்சியையும் ஊற்றினேன். தம்பி பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஊற்றினேன். அவனுக்காகக் கரைத்து வந்த கஞ்சி அது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வாளிக்குள் ஓலைச் சருகைப் போட்டுப் பற்றவைத்து இறக்கினோம். முன்பு அணைந்த இடத்தைத் தாண்டிப் போய் அணைந்தது. இவர் வேப்பங்குழையை மறுபடி இழுக்க ஆரம்பித்தார். அவர் கை தோல் உரிந்து கயிறு சிவந்தது. திரும்பவும் வாளி. இந்த முறை தீ சிறுத்து, நீலமாகி, துடித்தது. அணையவில்லை, அடிவரைக்கும் போகவும் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். போக விடச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார். கூடாது என்று தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு தடவை என்றேன். அந்த ஒரு தடவையை என் நாக்கு எப்படிச் சொன்னது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கீழே லைட்டு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி பிடித்தது. கல்லை எடுத்து அதன் மேல் போட வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாளி எரிந்துகொண்டே சேற்றில் போய் உட்கார்ந்தது. அந்தத் தீ வெளிச்சத்தில் அவனைப் பார்த்தோம். கல் பெயர்ந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய படியில் சாய்ந்து, தலை தோளில் விழுந்து கிடந்தான். அந்தப் படி இல்லாவிட்டால் சேற்றுக்குள் முகம் புதைந்திருக்கும்.

இவர் வடத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டார். வாயை மூடக் கூடாது, எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சத்தம் நின்றால் மாட்டை ஓட்டிவிடுவேன் என்றேன். மாட்டின் மூக்கணாங்கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன். ஏர்க்காரர் உருளையடியில் வடத்தைப் பார்த்துக்கொண்டார். இவர் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார். என் வாய், என் பிடிவாதம், என் அப்பா சீர் செய்யாமல் விட்ட பாத்திரம் என்று கல்யாணமான நாளிலிருந்து மனதில் வைத்திருந்தது எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நான் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக எந்த வசவையும் கேட்டதில்லை. திட்டு மெலிந்தது. இருமினார். பிறகு எனக்குப் பெயர் தெரியாத யாரையோ திட்டினார். பிறகு ஒன்றுமில்லை.

நான் மாட்டை ஓட்டினேன். அவர் அவனைப் பிடித்தாரா, கட்டினாரா, எதுவும் தெரியாது. வடம் முறுக்கிக்கொண்டு நின்றது. மாடு இரண்டும் முன்னங்காலை ஊன்றித் திணறின. கனம் இருக்கிறது, கனம் இருக்கிறது என்று ஏர்க்காரர் அழுகிற குரலில் கத்தினார். கனம் என்றால் இரண்டு பேர். நான் மாட்டின் வாலைக் கடித்திருப்பேன், அந்த நிலையில் இருந்தேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். துண்டால் அவனைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். கரையில் தள்ளி அவிழ்த்ததும் இவர் குப்புற விழுந்து வாந்தியெடுத்தார். என் தம்பியின் உதடு நாவற்பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. வாயிலிருந்த சேற்றை விரலை விட்டு வழித்தேன். கன்னத்தில் அறைந்தேன். சின்ன வயதில் கண்மாய்க்கரையில் அறைந்தது போலவே, எழுந்திரிடா, போதும்டா என்று சொல்லிச் சொல்லி அறைந்தேன். மார்பில் கையை வைத்து ஏர்க்காரர் அழுத்தினார். ஒரு விக்கல் வந்தது. அதற்குப் பிறகு நெடு நேரம் எதுவும் வரவில்லை. பிறகு இன்னொன்று வந்தது. அதன்பின் இருமல் வந்தது. நான் அங்கேயே தரையில் விழுந்து என் குலதெய்வத்தைக் கூப்பிட்டு அழுதேன்.

வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கண்ணைத் திறப்பான், யாரையும் அடையாளம் தெரியாது, மூடிக்கொள்வான். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, பேச ஆரம்பித்தால் பயமில்லை என்று சொன்னார். பேசாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் முழுவதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் வீட்டில் இருக்கவில்லை. கிணற்றின் வாயை முள்ளுப் போட்டு அடைக்கப் போகிறேன் என்று திரும்பப் போனார். பொழுது சாயும்போது வந்தார். நான் கேட்காமலேயே, அது இன்னும் அணையவில்லை என்றார். கட்டை தீர்ந்து வெளிச்சம் சிவந்துவிட்டதாம், ஆனாலும் எரிகிறதாம். முள்ளை வெட்டிப் போடாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பில் தோலுறை வெறுமையாகத் தொங்கியது. அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில் ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உயிரைக் கொடுத்து இறங்கியவர் என்பதும் தெரியும். இரண்டும் எனக்குள் ஒன்றாக இருந்தன.

விளக்கு வைத்த பிறகு என் தம்பி அக்கா என்றான். தண்ணீர் கேட்டான். குடித்தான். அப்புறம் சுற்றிப் பார்த்து, சுவரோரம் நின்ற இவரைப் பார்த்து, மச்சான் என்றான். அந்த இரண்டு வார்த்தைக்கே எனக்கு உயிர் வந்தது. இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாள் முழுக்க அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஏன் மாப்ள கூப்புடல? தல சுத்துனதும் ஒரு சத்தங் குடுத்துருந்தா அப்பவே இழுத்துருப்பமே."

என் தம்பிக்கு மூச்சு இன்னும் சரியாகவில்லை. விட்டு விட்டுத்தான் பேசினான்.

"சுத்துச்சு மச்சான். மூச்சும் முட்டுச்சு. கூப்புடலாம்னுதான் நெனச்சேன். திரும்பி லைட்டப் பாத்தேன். அது பாட்டுக்கு நல்லா எரிஞ்சுச்சு. அது எரியிறப்ப எனக்கு என்ன ஆயிறப் போவுதுன்னு நின்னுட்டேன்."

அவன் வாயில் அன்று கேலி இல்லை. குற்றமும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். இவர் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டார். பிறகு நகர்ந்து போய் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, சேறு போகாத அந்த இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு அழுதார். வயதில் மூத்தவர், அக்கா புருஷன், மச்சினன் காலைத் தொடுவது எங்கள் பக்கம் கிடையாது. அவன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அதற்கு அவனுக்குத் தெம்பு இல்லை. தடுக்கச் சொல்லி என்னைப் பார்த்தான். நான் தடுக்கவில்லை.